வாக்குப் பதிவும் வரலாற்றுத் தீர்ப்பும்: 1948–49 பிரசாவுரிமைச் சட்டங்களும் தமிழ்ப் பிரதிநிதிகளும்

மக்களாட்சி முறையிலே பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களுக்குப் பொறுப்புக் கூற வேண்டியவர் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட கொள்கையாகும். ஆயின், அப்பொறுப்பினை எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. மேடைப் பேச்சு மறக்கப்படும். தேர்தல் விஞ்ஞாபனம் அடுத்த தேர்தலோடு மாறும். கட்சிப் பத்திரிகை தன் தலைவரைப் புகழும், மாற்றாரை இகழும். சபையிலே ஒருவர் எப்பக்கம் வாக்களித்தார் என்னும் பதிவோ மாறாது நிற்பது. எனினும் அப்பதிவிலும் ஒரு வாக்கினை மாத்திரம் பிரித்தெடுத்து நோக்கின் பிழையான முடிவுக்கே வருவோம். இதனை 1948, 1949 ஆம் ஆண்டுகளிலே நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையிலே ஆராய முற்படுகின்றோம்.

இச்சட்டங்கள் தொடர்பாகத் தமிழ் மக்களிடையே இரு கூற்றுக்கள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. மலையகத் தமிழரின் உரிமையைப் பறித்த சட்டத்தை ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆதரித்து வாக்களித்தார் என்பது ஒன்று. அவர் அச்சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தார் என்பது மற்றொன்று. தேர்தல்தோறும் இவ்விரு கூற்றுக்களும் மேடையேறின. இரு சாராரும் தத்தம் கூற்றே உண்மை என உறுதியாக நம்பினர். பதிவுகளைக் காலவரிசையில் வைத்து நோக்குவோமாயின் இரண்டும் பாதி உண்மையே என்பது புலனாகும்.

பதிவின் இயல்பு

முதலில், வாக்குப் பதிவு எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிதல் வேண்டும். வெஸ்ற்மின்ஸ்ரர் மரபினைப் பின்பற்றிய நமது சபையிலே, பிரேரணை ஒன்று முடிவுக்கு விடப்படும்போது சபாநாயகர் உறுப்பினரின் குரல்களைக் கொண்டே முடிவை அறிவிப்பார். உறுப்பினர் எவரேனும் வாக்கெடுப்பைக் கோரினாலன்றி, யார் எப்பக்கம் நின்றார் என்பது பெயர் பெயராக ஹன்சாட்டிலே பதிவாவதில்லை. எனவே பெயர்ப் பட்டியல் கிடைக்காத முடிவுகள் பலவாகும்.

மேலும், ஒரே சட்டமூலம் பல கட்டங்களைக் கடந்து செல்வது. கொள்கையளவிலான ஏற்பு இரண்டாம் வாசிப்பிலும், வாசகத் திருத்தங்கள் குழுநிலையிலும், இறுதி ஏற்பு மூன்றாம் வாசிப்பிலும் இடம்பெறும். ஒருவர் சட்டத்தை ஆதரித்தார் அல்லது எதிர்த்தார் என்போர், எந்தக் கட்டத்தில் என்பதையும் உடன்கூறக் கடமைப்பட்டவராவர். சபையில் இல்லாதவர் ஏன் இல்லை என்பதை வாக்குப் பட்டியல் கூறாது. நோயாளியும் பயணியும் அஞ்சி ஒதுங்கியவரும் எதிர்ப்பைக் காட்ட வெளியேறியவரும் அங்கே ஒருநிகராகவே தோன்றுவர்.

மூன்று சட்டங்கள்

பொதுவழக்கிலே பிரசாவுரிமைச் சட்டம் என ஒருமையிற் சுட்டப்படுவது உண்மையில் ஒன்றன்று. ஒன்றையொன்று தொடர்ந்து வந்த மூன்று சட்டங்களாம். குழப்பத்தின் வேர் இவ்வொருமை வழக்கிலேயே உள்ளது.

முதலாவது, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம். பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா கொண்டுவந்த இச்சட்டமூலம் 1948 ஓகஸ்ட் 20 இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, அவ்வாண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என அது விதித்தது. பிறப்புப் பதிவு அருகியிருந்த தோட்டப்புறங்களிலே தாம் பிறந்ததை நிறுவுவதே அரிதாயிருக்கத் தந்தையின் பிறப்பை நிறுவுவது எங்ஙனம்? ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாடற்றவராயினர்.

இரண்டாவது, 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். இது வதிவினை அடிப்படையாகக் கொண்டு ஒரு வழியைத் திறந்தது. மணமானவர்க்கு ஏழாண்டுகளும் மணமாகாதவர்க்குப் பத்தாண்டுகளும் தொடர்ச்சியான வதிவு வேண்டப்பட்டது. போதிய வருமானம் முதலான நிபந்தனைகளும், விண்ணப்பிப்பதற்கு இரண்டாண்டுக் கால எல்லையும் விதிக்கப்பட்டன. ஏறத்தாழ 825,000 பேரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன; அவர்களுள் ஏறத்தாழ 134,000 பேரே இறுதியிற் பிரசைகளாக ஏற்கப்பட்டனர்.

மூன்றாவது, 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம். வாக்குரிமை பிரசைகளுக்கு மாத்திரமே உரியது என இது வரையறுத்தது. விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டு முடியுமுன்னரே தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பினின்றும் நீங்கின. முதலாவது சட்டம் பிரசை யார் என வரையறுத்தது. மூன்றாவது சட்டம் அவ்வரைவிலக்கணத்தை வாக்குரிமையோடு பிணைத்தது.

எதிர்ப்பும் ஆதரவும்

1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. 1948 ஓகஸ்டிலே முதலாவது சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதன் தலைவர் பொன்னம்பலம் எதிரணியில் இருந்தார், எதிர்த்தே வாக்களித்தார். காங்கேசன்துறை உறுப்பினர் சா. ஜே. வே. செல்வநாயகமும், இலங்கை இந்தியக் காங்கிரசினரும், இடதுசாரிக் கட்சியினரும் அவ்வாறே எதிர்த்தனர்.

அடுத்த மாதமே, 1948 செப்டெம்பரிலே, பொன்னம்பலம் அரசாங்கத்திற் சேர்ந்து கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, மீன்பிடி அமைச்சரானார். செல்வநாயகமும், கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும், செனற்றர் இ. மு. வி. நாகநாதனும் அவருடன் செல்ல மறுத்தனர். 1948 டிசெம்பர் 10 இல் இரண்டாவது சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்புக்கு வந்தது. அமைச்சராகிய பொன்னம்பலம் அச்சட்டமூலத்தை ஆதரித்தார், செல்வநாயகம் எதிர்த்தார். இப்பிளவின் முதிர்ச்சியே 1949 டிசெம்பர் 18 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியாக உருப்பெற்றது.

ஓகஸ்ட் வாக்கினை மாத்திரம் எடுத்துக்காட்டுவோர்க்குப் பொன்னம்பலம் மலையக மக்களின் காவலர். டிசெம்பர் வாக்கினை மாத்திரம் எடுத்துக்காட்டுவோர்க்கு அவர் அம்மக்களைக் கைவிட்டவர். உண்மையில் வரலாற்று மாணவன் விளக்க வேண்டியது இவ்விரண்டு வாக்குக்களையுமன்று. அவற்றுக்கிடைப்பட்ட நான்கு மாதங்களையே. இரண்டாவது சட்டம் முதலாவதன் கடுமையைத் தணித்து ஒரு வாயிலையேனும் திறந்தது என அவர் சார்பில் வாதிடலாம். அவ்வாதத்தை நாம் புறந்தள்ளுவதற்கில்லை. ஆயின் அவ்வாயில் எத்துணை ஒடுங்கியது என்பதற்கு மேலே காட்டிய எண்களே சான்று. அவர் அங்கம் வகித்த அரசாங்கமே மூன்றாவது சட்டத்தையும் நிறைவேற்றியது என்பதும் உடன் கருதத்தக்கது.

வாக்களியாமையும் ஒரு வாக்கே

இதே டிசெம்பர் 10 ஆந் திகதி வேறொரு நிகழ்ச்சியும் இடம்பெற்றது. வவுனியா உறுப்பினரும் வர்த்தக, வாணிப அமைச்சருமாகிய செ. சுந்தரலிங்கம் வாக்கெடுப்பின்போது சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கோரினார். சுந்தரலிங்கம் பதவியைத் துறந்தார். முதலாவது சட்டமூலம் நிறைவேறிய காலத்திலே அவரும் மன்னார் உறுப்பினர் சி. சிற்றம்பலமும் அமைச்சரவையிலேயே இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. முதலாவது சட்டமூலத்தை எதிர்த்தவர் இரண்டாவதன்போது அமைச்சராக ஆதரித்தார். முதலாவதன்போது அமைச்சராயிருந்தவர் இரண்டாவதன்போது வெளியேறினார்.

வருகைப் பதிவினைக் கொண்டு மாத்திரம் உறுப்பினரின் உழைப்பை மதிப்பிடுவோர்க்கு இது நல்லதோர் எச்சரிக்கையாகும். தமிழ்ப் பிரதிநிதிகளின் வரலாற்றிலே சபைக்குச் செல்லாமை பன்முறை அரசியற் செயலாகவே அமைந்தது. 1971 ஜூனிலே தமிழரசுக் கட்சியினர் அரசியல் நிர்ணய சபையினின்றும் வெளியேறினர். 1972 ஒக்டோபரிலே செல்வநாயகம் தமது ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 வரை நடத்தப்படவில்லை. 1983 ஓகஸ்டிலே ஆறாம் திருத்தம் நிறைவேறியபின், தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அது வேண்டிய சத்தியப்பிரமாணத்தைச் செய்யாது சபைக்குச் செல்லாமலிருந்து ஆசனங்களை இழந்தனர். வருகையை எண்ணும் பட்டியலில் இவர்கள் சோம்பியிருந்தோராகவே தோற்றுவர்.

ஆலைகளும் வாக்கும்

உறுப்பினரின் செயற்பாடு வாக்கெடுப்போடு முடிவதன்று. பொன்னம்பலத்தின் ஆதரவாளர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையையும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும், வாழைச்சேனைக் காகித ஆலையையும் அவரது அமைச்சுப் பணியின் பயன்களாகச் சுட்டுவர். வடக்கிலும் கிழக்கிலும் பல குடும்பங்களுக்கு வேலையளித்த இவ்வாலைகளைக் கணக்கிற் கொள்ளாது அவரது பதிவினை எழுதுதல் நேர்மையாகாது. ஆனால் ஆலைகளால் நன்மையடைந்தோர் ஒரு பகுதியினர். சட்டங்களால் உரிமையிழந்தோர் பிறிதொரு பகுதியினர். ஒரு சாராரின் வரவு மறு சாராரின் இழப்பை ஈடுசெய்யும் எனக் கொள்வது கணக்கியலுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது.

தீர்ப்பளிக்க இயலாதோர்

1952 ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுகள் இவ்விடத்திற் சிந்தனைக்குரியன. யாழ்ப்பாணத் தொகுதி மக்கள் பொன்னம்பலத்தை மீண்டும் தெரிந்தனர். செல்வநாயகமோ காங்கேசன்துறையிலே ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோல்வியுற்றார். தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்த இடங்கள் இரண்டே. நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானையும், தலவாக்கொல்லையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையையும் 1947 இல் அனுப்பிய மலையகம், 1952 இல் தன் பிரதிநிதி ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை.

தேர்தலே பிரதிநிதியின் பதிவுக்கு மக்கள் வழங்கும் தீர்ப்பு என்பர். ஆயின் எந்த வாக்கினால் ஒரு மக்கட் கூட்டம் உரிமையிழந்ததோ, அவ்வாக்கினை விசாரிக்கும் தகுதியையும் அதே சட்டங்கள் அக்கூட்டத்திடமிருந்து பறித்துவிட்டன. தீர்ப்பளித்த யாழ்ப்பாணத் தேருநர் பாதிப்புற்றோரல்லர், பாதிப்புற்றோர் தேருநரல்லர். எனவே 1952 ஆம் ஆண்டின் வெற்றி தோல்விகளைக் கொண்டு எவருடைய வாக்கும் சரியென்றோ பிழையென்றோ நிறுவப்பட்டதாகக் கொள்ளல் இயலாது. 1964 ஒக்டோபரிலே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேருள் பெரும்பாலோரின் எதிர்காலத்தை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டபோதும், அவர்கள் கருத்துக் கூறும் வாக்காளராயிருக்கவில்லை. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே வந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பதிவினை ஆராய்வோர் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும் என்பது பெறப்படும். எந்தச் சட்டமூலம்? அதன் எந்தக் கட்டம்? அன்று அவர் வகித்த பதவி யாது? வாக்களியாதார் எங்கிருந்தனர், ஏன்? இவற்றுக்கு விடை கண்டபின்னரே அவருடைய பேச்சுக்களையும் பணிகளையும் உடன் வைத்து நிறுத்தல் பொருந்தும்.

அண்மைக்கால ஹன்சாட் தொகுதிகள் பாராளுமன்றத்தின் இணையத்தளத்திலே கிடைக்கின்றன. பழைய தொகுதிகளை நூலகங்களிலே தேடிப் பார்த்தல் வேண்டும். தமிழ்ப் பிரதிநிதிகள் ஒவ்வொருவருக்கும் இவ்வகையான வாக்கு அட்டவணை ஒன்றினை ஆண்டுவாரியாகத் தயாரிப்பது பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அது எவரையும் உயர்த்துவதற்கோ தாழ்த்துவதற்கோ அன்று. தேர்தலிலே தீர்ப்பளிக்கும் உரிமையை இழந்திருந்த மக்களுக்கு, நடந்தது இதுவென உரிய நாளும் பெயரும் சுட்டிக் கூறுதல் வரலாற்றாசிரியர் ஆற்றக்கூடிய குறைந்தபட்சக் கடன் என்பதே நம் துணிபு.