திருச்சபையும் அச்சியந்திரமும் : ஈழநாட்டு அனுபவம்

சமயம் என்பது சொல்லால் வளர்வது. குருவின் வாய்மொழி, மாணாக்கனின் நினைவு, ஏடு, அச்சுப்புத்தகம், வானொலி, இணையம் என்று அச்சொல்லைச் சுமக்கும் கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. புதிய கருவியொன்று தோன்றும்போது அதனை முதலிற் கைக்கொள்ளுபவர் யார், எந்நோக்கத்தோடு கைக்கொள்ளுகின்றனர், அதனாற் பிறர்க்கு விளைவது யாது என்பன வரலாற்று மாணவர் ஆராயத்தக்க வினாக்களாம். தமிழ் வழங்கும் நாடுகளில் அச்சுக்கலையை முதலில் நிலைநாட்டியவை கிறித்தவத் திருச்சபைகள். அக்கருவி அவற்றின் கைவிட்டுப் பரந்து சைவர்க்கும் இசுலாமியர்க்கும் உரியதாகியமையே இவ்வரலாற்றின் பெருஞ்சிறப்பு.

அச்சுப்புத்தகம் ஒருகாலத்தில் எத்துணை அரிய பொருளாயிருந்தது என்பதற்குத் திருக்கோணமலைப் பகுதியோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி சான்றாகும். கிண்ணியா, குறிஞ்சாக்கேணி, மூதூர் முதலிய ஊர்களுக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவில் 1660ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலேயக் கப்பல் வந்து தங்கிற்று. அதன் தலைவரும் அவர் மகன் இராபர்ட் நொக்சும் கண்டியரசன் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தையார் சிறையிலேயே இறந்தார். பல்லாண்டு தனித்து வாழ்ந்த மகனுக்கு ஒருநாள் முதியவர் ஒருவரிடமிருந்து ஆங்கில விவிலிய நூலொன்று கிடைத்தது. பறங்கியர் கொழும்பை இழந்தபோது அம்முதியவர் கைக்கு வந்த நூல் அது. பின்னற்றொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதனைப் பெற்றுக்கொண்டார். 1679இல் தப்பிச் சென்ற அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் அச்சேறியது. ஐரோப்பாவிலே கடைகளில் விற்கப்பட்ட நூல், ஈழத்தின் உள்நாட்டிலே புதையல் போன்று தோன்றிய காலம் அது.

அக்காலத்துத் தமிழறிவு முழுவதும் பனையோலையிலே தங்கியிருந்தது. எழுத்தாணி கொண்டு ஒரு நூலை எழுதி முடித்தற்குப் பல திங்கள் செல்லும். எழுதுவோர் பிழையாற் பாடம் வேறுபடும். செல்லும் ஈரமும் ஏட்டை அழிக்கும். ஆகவே கல்வி சிலர் இல்லங்களிலும் மடங்களிலும் ஒடுங்கியிருந்தது. இந்நிலையில், தமிழை அச்சில் ஏற்றும் முயற்சி கடற்கரையோரத்துக் கத்தோலிக்கப் பாதிரிமாராலே தொடங்கப்பெற்றது. 1554இல் இலிசுபனில் அச்சான சிறு நூலொன்றிலே தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் அமைந்தன. பின்னர் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய அன்றீக்கு அடிகளார் என்னும் இயேசுசபைத் துறவி தமிழை நன்கு கற்று, 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலை 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தாலேயே அச்சிடுவித்தார். ஏட்டு வழக்கைத் தழுவி அவ்வெழுத்துக்கள் புள்ளியின்றி அமைந்தன; எகர ஏகார வேறுபாடும் இல்லை. எனினும் இந்திய மொழியொன்று தன் எழுத்திலே அச்சேறிய பெருமை தமிழுக்கு அந்நூலால் வாய்த்தது.

இரண்டாம் முயற்சி தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார், அச்சின்றித் தம் பணி சிறவாது எனக் கண்டார். இலண்டனிலிருந்து அவருக்கு அனுப்பப்பட்ட அச்சியந்திரத்தை ஏற்றிவந்த கப்பலைப் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். அது மீட்கப்பட்டு இந்தியாவை அடைந்தபோது, உடன்வந்த அச்சுத் தொழிலாளர் வழியிலேயே இறந்துவிட்டார். செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துக்கள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை பருத்தனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். அண்மையிலுள்ள பொறையாற்றில் தாள் ஆலையும் நிறுவினர். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் நிறைவெய்தியது. புதிய கருவியை வரவழைப்பதோடு அமையாது, அதற்கு வேண்டிய எழுத்து, தாள், தொழிலாளர் ஆகியவற்றை உள்ளூரிலேயே ஆக்கிக்கொள்ள முயன்றமை இங்கு நோக்கத்தக்கது.

ஈழத்தில் ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவிச் சிங்களத்திலும் தமிழிலும் சமய நூல்களை வெளியிட்டனர். ஆனால் அது அரசாங்கத்தின் கருவியாயிருந்தது. புரட்டஸ்தாந்த சமயம் சாராதார்க்கு உத்தியோகம் மறுக்கப்பட்ட காலத்தில், ஞானஸ்நானம் பலருக்கு வாழ்க்கை வசதியாயிற்றேயன்றி நம்பிக்கையாகவில்லை. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் அவர்தம் சபையினர் தொகை விரைந்து குறைந்தது. அச்சுக்கூடமும் அதிகாரமும் ஒருங்கே இருந்தும் மக்கள் மனம் வசப்படாமைக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

அதிகாரத் துணையின்றி வந்த அமெரிக்க மிஷனரிமாரின் வரலாறு இதனின் வேறுபட்டது. 1816இல் அவர்கள் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலே பணி தொடங்கினர். 1820இல் கரற் என்னும் அச்சுத்தொழில் வல்லுநர் வந்தபோது, அப்போது அரசை நடத்திய எட்வேட் பாண்ஸ் அவரை நாட்டில் தங்க விடவில்லை. அச்சியந்திரம் நல்லூரிலிருந்த சேர்ச் மிஷன் சங்கத்தார் பொறுப்பில் இயங்கியது. தடை நீங்கியபின், 1834இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் தொழிற்படலாயிற்று. ஆனால் அதற்கு முன்னரே அவர்கள் வேறொன்றைச் செய்திருந்தனர். ஊர்தோறும் பாடசாலைகளையும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் நிறுவினர். அச்சுத்தாளை வாசிக்கத்தக்க கூட்டத்தை முன்னரே உண்டாக்கிய பின்பே அச்சியந்திரம் சுழன்றது.

அவ்வச்சுக்கூடத்திலிருந்து 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆந் தேதி 'உதயதாரகை' என்னும் பத்திரிகை வெளிவந்தது. ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளுள் முதலாவதாகிய இது தமிழும் ஆங்கிலமும் விரவிய இருமொழி ஏடாகும். இதன் ஆசிரியர் இருவரும் ஈழத்தவரே. ஹென்றி மாட்டின், செத் பேசன் என்னும் அவர்தம் பெயர்கள், மாணாக்கர்க்கு மேனாட்டார் பெயரைச் சூட்டிய அக்கால வழக்கத்தை உணர்த்துவன. சமயப் பிரசாரத்தோடு கல்வி, விஞ்ஞானம், வேளாண்மை, உலகச் செய்தி ஆகியனவும் அதில் இடம்பெற்றன. எதிர்க்கருத்துடையாரும் கடிதம் எழுதினர். ஒருவர் பேச மற்றவர் கேட்டிருக்கும் பிரசங்க மேடைக்கும், வாசகன் மறுமொழி கூறத்தக்க பத்திரிகைக்கும் உள்ள வேற்றுமை இங்கே வெளிப்பட்டது.

மிஷனரிமார் செய்த அறிவுப்பணிகளுள் யாவரும் ஒருமுகமாய்ப் போற்றுவது வைத்தியர் கிறீனின் தொண்டாகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறைகளில் அவரும் அவர் மாணவரும் நூல்களை மொழிபெயர்த்து அச்சிட்டனர். உயர்ந்த விஞ்ஞானத்தைத் தமிழிற் கூறவியலாது என்பார்க்கு அந்நூல்கள் நூற்றாண்டுக்கு முன்பே விடை கூறிவிட்டன.

எனினும் அச்சின் மற்றொரு முகத்தையும் மறைத்தல் கூடாது. சைவ சமயத்தை இழித்துரைத்த துண்டுப் பிரசுரங்களும் அதே யந்திரத்திலிருந்து வீடுதோறும் சென்றன. திண்ணைப் பள்ளிகளில் ஏடு பயின்ற சமூகம், எண்ணிக்கையில் மிக்க அவ்வச்சுத்தாள்களின் முன் திகைத்து நின்றது. அத்திகைப்பை நீக்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879).

நாவலர், பேர்சிவல் பாதிரியார் நடத்திய மெதடிஸ்த ஆங்கில பாடசாலையிலே பயின்று, ஆங்கே ஆசிரியராயுமிருந்து, விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர். ஆதலின் திருச்சபையின் வலிமை எங்குள்ளது என்பதை அவர் உள்ளிருந்தே கண்டறிந்தார். 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் தமிழகஞ் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். பிரசங்கம், பாடசாலை, அச்சுக்கூடம் என்னும் மூன்றும் மிஷனரிமார் கையாண்ட சாதனங்களே. அவற்றிற் பெய்த பொருள் மட்டும் சைவத்தினுடையது. பாலபாடங்கள், பெரியபுராண வசனம், 'சைவதூஷண பரிகாரம்' முதலியன வண்ணார்பண்ணை வித்தியாநுபாலன யந்திரசாலை வழியாகவும் பின்னர்ச் சென்னையில் அவர் நிறுவிய அச்சுக்கூடத்தின் வழியாகவும் பரவின. வாக்கியங்களைப் பிரித்தும், காற்புள்ளி முற்றுப்புள்ளி முதலிய குறிகளை இட்டும் அவர் அமைத்த வசனநடை, அச்சுத்தாளைக் கண்ணால் வாசிப்பார்க்கென அமைந்த நடையாகும். ஆகவே கருவி மாறியபோது மொழியும் அதற்கேற்பப் புத்துருப் பெற்றது.

இவ்வழியிலே அடுத்து நின்றவர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901). கிறித்தவப் பத்திரிகையாகிய 'தினவர்த்தமானி'யின் ஆசிரியராயிருந்த அவர், பிற்காலத்தில் வீரசோழியம், கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்டு அச்சேற்றினார். திருச்சபை கற்பித்த பதிப்புக்கலை சங்கத்தமிழைக் காத்தது என்பது வரலாற்றின் விந்தையன்றோ. 1882இல் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1889இல் சைவபரிபாலன சபையின் 'இந்துசாதனம்' தோன்றியது. திருக்கோணமலையும் பின்னிற்கவில்லை. அவ்வூர் த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் அச்சாகித் தமிழின் முன்னோடி வரலாற்று நாவல்களுள் ஒன்றாயிற்று. அவர் உடன்பிறந்தார் த. கனகசுந்தரம்பிள்ளையும், வே. அகிலேசபிள்ளையும் பதிப்புப் பணியாலும் தலவரலாற்றுப் பணியாலும் அந்நகருக்குப் புகழ் சேர்த்தனர்.

இதற்கிடையில் அமெரிக்க மிஷன் தன் போக்கை மாற்றிக்கொண்டது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவுப்படி 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. மானிப்பாய் அச்சுக்கூடமும் விற்கப்பட்டது. ஆங்கிலக் கல்வியும் அச்சும் சமயமாற்றத்துக்குப் போதிய பயன் தரவில்லை என்பது தலைமைக் கழகத்தார் கருத்தாயிருந்தது. மதம் மாறினோர் தொகையை எண்ணினார்க்கு அது தோல்வியாகத் தோன்றியிருக்கலாம். ஒரு சமுதாயம் எழுதவும் வாதிடவும் தன்னைத் தானே ஆராயவும் கற்றதை எண்ணுவார்க்கு அது பெருவெற்றி.

இருபதாம் நூற்றாண்டில் இக்கதை வான்வழியே தொடர்ந்தது. 1931இல் மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைப் பதினோராம் பத்திநாதர் தொடங்கிவைத்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. மணிலாவில் 1969இல் தொடங்கிய வெரித்தாஸ் ஆசிய வானொலியின் தமிழ்ச்சேவை, ஈழத்துப் போர்க்காலத்தில் செய்திகளுக்காகச் சமயபேதமின்றிக் கேட்கப்பட்டது. திருக்கோணமலையில் செருமானிய வானொலி நிறுவியிருந்த அஞ்சல் நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டபின், அட்வென்டிஸ்ட் உலக வானொலியும் அந்நிலையத்தைப் பயன்படுத்தியது. 2018இல் வெரித்தாஸ் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி இணையத்துக்கு மாறிற்று. சிற்றலையை நீக்குதலும் எளிதன்று. பழைய வானொலிப் பெட்டியொன்றையே உடைய ஏழை வாசகனும் முதியவரும் கைவிடப்படுதல் கூடும் என்னும் வினா அம்மாற்றத்தோடு எழுந்தது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் தேதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்கள் தாக்கப்பட்ட கொடுமைக்குப் பின், பொதுவழிபாடு நிறுத்தப்பட்டது. மறு ஞாயிறன்று கொழும்புப் பேராயர் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தத்தம் இல்லங்களிலிருந்து தொலைக்காட்சியிற் கண்டனர். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் இவ்வழக்கம் பரவியது. துயருற்றார்க்கு ஆறுதல் கூறும் ஊடகத்தின் ஆற்றல் அன்று விளங்கியது. அதே நாட்களில் வதந்தியும் பகைமையும் பரவுமென அஞ்சி அரசாங்கம் சமூக வலைத்தளங்களைத் தடைசெய்ததையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். ஒரே கம்பியிலே மருந்தும் நஞ்சும் சென்றன.

நானூறு ஆண்டுகட்கு மேற்பட்ட இவ்வனுபவத்தினின்று புலனாவன சில. முதலாவது, கருவிக்கு முன் மொழி வேண்டும். அன்றீக்கு அடிகளாரும் சீகன்பால்குவும் தமிழைக் கற்றபின்னரே அச்சைத் தேடினர். இரண்டாவது, கேட்போரை உருவாக்காது குரலை மட்டும் பெருக்குதல் வீண். பாடசாலையோடு இணைந்த அச்சே மக்களிடையே வேர்கொண்டது. மூன்றாவது, ஊடகத்தை மண்ணின் மைந்தர் கையில் ஒப்படைத்தபோது அது உயிர்பெற்றது; ஒல்லாந்தர் அச்சுக்கூடம்போல அதிகாரத்தின் வாயாக இருந்தபோது வாடிற்று. நான்காவது, எந்தக் கருவியும் ஒரு சமயத்துக்குத் தனியுடைமையாகாது. இன்று ஒருவர் தொடுத்த வசை நாளை அதே வழியாக மறுக்கப்படும்.

கோணேசர் கோயிலும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அணித்தணித்தே விளங்குவது திருக்கோணமலை மாவட்டம். அங்கே கிண்ணியாவிலும் குறிஞ்சாக்கேணியிலும் உள்ள இளைஞன் கைக்கருவியில் மூன்று சமயத்தார் குரலும் ஒருசேர ஒலிக்கின்றன. ஒரு தொப்பியைக் கொடுத்து ஒரு நூலைப் பெற்ற காலம் போய், கேளாமலே ஆயிரம் சொற்கள் வந்து குவியும் காலம் வந்துவிட்டது. சொல் அரிதாயிருந்த காலத்தில் அதனைப் பரப்புதல் பெருந்தொண்டு. சொல் மலிந்த காலத்தில் அதன் மெய்ம்மையைக் காத்தலே பெருந்தொண்டு. அத்தொண்டு திருச்சபைக்கும் சைவ சபைக்கும் பள்ளிவாசலுக்கும் பொதுவாகும்.