நெற்றி பிளந்த பிள்ளையார்

நான் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை ஒரு பிள்ளையார். வாகை மரம், மூன்றடி உயரம். வாங்கியவர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே குளிருக்கு வீட்டைச் சூடாக்கி வைப்பார்களாம். ஆறு மாதத்தில் போட்டோ வந்தது: துதிக்கையிலிருந்து கிரீடம்வரை விரல் நுழைகிற வெடிப்பு. அப்பா போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கட்டை எப்ப அறுத்தது?" என்று மட்டும் கேட்டார். நான் செதுக்கியபோது அறுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். எங்கள் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021இல். தொழில் இரண்டுக்கும் மூத்தது. பிழைப்புத் தேடி மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வேலை என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாகனம், தேர்ச் சிற்பம், நிலைக்கதவு, இப்போது வரவேற்பறைப் பொம்மை. எதைச் செய்தாலும் பாதி வேலை மரத்திலிருக்கும் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான்.

மரத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய வளையம், நடுவே கறுத்த வைரம். வேர் உறிஞ்சும் தண்ணீர் அந்த வெளிறு வழியாகத்தான் ஏறுகிறது. வைரம், ஒரு காலத்தில் தண்ணீர் ஏற்றிவிட்டு இன்று பிசினும் பிறவும் அடைத்துப்போன பழைய குழாய்களின் கூட்டம். பூச்சி வெளிறைத்தான் முதலில் தின்னும். மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது.

தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்குவது யார்? இலைதான். இலையிலிருந்து ஆவி போகப் போக, அறுபடாத நூல் மாதிரி கீழேயுள்ள தண்ணீர் மேலே இழுபடுகிறது. டிக்சன், ஜாலி என்ற இருவர் 1894இல் சொன்ன விளக்கம் இது. உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்து மேலே தள்ளுகின்றன என்று நம் ஜெகதீஷ் சந்திர போஸ் 1923இல் ஒரு புத்தகமே எழுதினார். அது நிலைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்பா இவர்களில் யாரையும் படித்ததில்லை. ஆனால் மரத்தை வெட்டிச் சாய்த்ததும் கொப்பைக் கழிக்க விடமாட்டார். "பத்து நாள் கெடக்கட்டும்டா, எலையே தண்ணிய இழுத்துடும்" என்பார். கல்வராயன் மலைக் காடு கோடையில் இலை உதிர்த்து நிற்பதும் இதே கணக்குதான்: மண்ணில் ஈரம் இல்லாதபோது இழுக்கிற வாயை மூடிக்கொள்கிறது.

தேய்பிறையில் வெட்டினால் பூச்சி விழாது என்பார்கள்; அதை நான் சோதித்ததில்லை. ஆனால் கட்டையைக் குளத்தில் ஊறப்போடுவதில் விஷயம் இருக்கிறது. மரத்தின் சாறும் பூச்சிக்குப் பிடித்த சத்தும் தண்ணீரில் கரைந்துபோகும். முழுக்க மூழ்கிய மரத்தைக் காளான் தொடாது, அதற்குக் காற்று வேண்டும். காஞ்சிபுரம் அத்திவரதர் 40 வருடம் அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்துவிட்டு 2019இல் 48 நாள் தரிசனம் தந்தாரே, அவரும் அத்தி மரம்தான்.

ஊறியபின் நிழலில் காய வேண்டும். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். நடுத்தண்டிலிருந்து ஓரத்துக்குச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையத்தின் போக்கில் சுருங்கும். முழுக்கட்டையாக விட்டால் எங்காவது பிளந்தாக வேண்டும். அதனால் தூங்குவாகைக் கட்டையைப் பச்சையாக இருக்கும்போதே கரடாகச் செதுக்கி, முதுகைக் குடைந்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு மூலையில் சாத்திவைப்போம். கண், நகை, விரல் எல்லாம் காய்ந்தபிறகுதான். அந்தப் பிள்ளையாருக்கோ நான் நடுத்தண்டு நெற்றிக்கு நேரே வரும்படி கட்டையை நிறுத்தி, குடையாமல் பாலிஷும் போட்டு அனுப்பியிருந்தேன்.

மரச்சிலை வாங்கப் போனால் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். திருப்பி முதுகைப் பாருங்கள். குடையாத பெரிய சிலையாக இருந்தால், கட்டை எப்போது அறுத்தது என்று கேளுங்கள்.