கொல்லிப் பாவை: கதையும் வரலாறும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஒரு பாவை உண்டு; நெருங்கும் பகைவரைச் சிரித்து மயக்கிக் கொன்றுவிடும் என்பது வழங்கிவரும் கதை. "அது மெய்யா?" என்று நம் பிள்ளைகள் கேட்பர்.

விடையைச் சங்கப் பாடல்களில் தேடுவோம். பூதம் அமைத்த பாவை என்கிறது நற்றிணையின் 192ஆம் பாட்டு. காற்றும் மழையும் இடியும் தாக்கினும், நிலமே நடுங்கினும் தன் வனப்பு மாறாதது என்கிறார் பரணர், அந்நூலின் 201ஆம் பாட்டில். இரண்டிலும் தலைவியின் அழகுக்கே அது உவமை. கொலைச் சிரிப்பு அங்கில்லை. பின்னாளில் சேர்ந்தது அது.

அம்மலைக்கென நடந்த போரை அகநானூற்றின் 209ஆம் பாட்டு கூறுகிறது. வள்ளல் ஓரியைக் கொன்ற காரி, கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான். அதே பாட்டில் பாவையும் நிற்கிறது.

ஆயிரத்தோர் இரவுகளில் வரும் பித்தளை நகரக் கதையும் இத்தகையதே. மூஸா இப்னு நுஸைருடன் சென்ற ஒருவன், மாண்ட அரசியின் அணிகலன்களில் கைவைக்கிறான். காவற் பதுமைகள் அவனை வெட்டி வீழ்த்துகின்றன. பதுமைகள் கற்பனை. மூஸாவோ வரலாற்று மனிதர். 711இல் தாரிக்கை ஸ்பெயினுக்கு அனுப்பியவர்.

மாயக் கதையென்று இவற்றைப் பிள்ளைகளுக்கு மறைப்போர் உளர். சூனியத்தை மார்க்கம் விலக்கியிருப்பதை நாமும் அறிவோம். ஆயினும் கதையைச் சுவைப்பது வேறு, நம்புவது வேறு. இவ்வேறுபாட்டை வீட்டிலேயே கற்ற பிள்ளையைத் தாயத்து விற்பவன் எளிதில் ஏமாற்ற இயலாது. ஆகவே பாவையின் கதையைச் சொல்வோம். ஓரியின் வரலாற்றையும் உடன் சொல்வோம்.