இரவு மெயிலை விட்டவர்கள்

லூயிஷாம் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதூரத்துக்குள் எம்மவர் பலர் குடியிருக்கிறார்கள். சிவன் கோயிலும் அங்குதான், கறிவேப்பிலை விற்கும் கடைகளும் அங்குதான். லண்டன் பிறிட்ஜுக்கும் சாறிங் குறொஸ்ஸுக்கும் விக்ரோறியாவுக்கும் அங்கிருந்து வண்டி போகிறது. ஆயினும் தொழில் நிமித்தம் மாதத்தில் இரண்டு தடவை லெஸ்ரருக்கோ பேர்மிங்ஹாமுக்கோ போக வேண்டிய எம்மவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலை நாலரைக்குக் காரை ஸ்ராட் பண்ணினதாகவே சொல்லுவார். நானும் பதினொரு வருடம் அப்படித்தான் ஓடினேன். கடைக்காரருக்குக் கணக்கெழுதுவது என் தொழில். லெஸ்ரரில் எனக்கு ஆறு வாடிக்கையாளர்கள். ஒரு நாள் எம் ஒன்றில், இருள் பிரியாத நேரத்தில், கண் ஒரு கணம் மூடித் திறந்தபோது பக்கத்துப் பாதையில் போன லொறியின் சில்லு என் கண்ணாடியளவு உயரத்தில் நின்றது. அடுத்த தடவை றெயிலில் போனேன். அன்றிலிருந்து றெயில்தான்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது கிடைத்த பதில்களே இக்கட்டுரைக்குக் காரணம். விலை கூட என்றார்கள். அது உண்மை, காலை நேரத்து ரிக்கற்றின் விலைக்கு மூன்று பேர் காரில் போய் வந்து மத்தியானம் சாப்பிடவும் மிஞ்சும். நேரத்துக்கு வராது என்றார்கள். அதுவும் பாதி உண்மை. ஆனால் ஒருவர் மட்டும், என்னிலும் பத்து வயது மூத்தவர், வேறொன்று சொன்னார்: "தம்பி, காருக்குள்ளை கதவைப் பூட்டினால் பூட்டினதுதான். றெயிலிலை ஆர் ஏறுறான் எண்டு உமக்குத் தெரியுமோ?" அவர் 1977இல் அநுராதபுரத்தைக் கடந்தவர்.

எம்மவர் காரை விரும்புவதற்கு இங்கிலாந்தின் கட்டண முறைமை மட்டுமே காரணமல்ல என்று நான் நினைக்கத் தொடங்கியது அன்றுதான். ஒரு காலத்தில் எமது சமூகத்தைப் போல றெயிலை நம்பித் தொழில் செய்த சமூகங்கள் குறைவு. அந்த நம்பிக்கை எப்படி வந்தது, எப்படிப் போனது என்பது எழுதப்பட வேண்டிய வரலாறு. "யாழ்தேவி நினைவுகள்" என்று வடையும் கச்சானும் மணக்க எழுதப்படும் கட்டுரைகளில் இது வருவதில்லை.

இலங்கையில் றெயில் போடப்பட்டது எங்களுக்காக அல்ல, கோப்பிக்காக. கொழும்பிலிருந்து அம்பேபுச வரையான முதற் பாதை 1860களின் நடுப்பகுதியில் திறக்கப்பட்டது. 1867இல் கண்டிக்குப் போனது. தோட்டத்துரைமாரின் சரக்கு துறைமுகத்துக்கு வருவதே அதன் நோக்கம். வடக்கில் ஏற்றுவதற்குக் கோப்பியுமில்லை, தேயிலையுமில்லை. எனவே வடக்கு காத்திருந்தது. 1894இல் பொல்காவலையிலிருந்து குருநாகல் வரை வந்த கிளை மேலும் நீளப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. சேர் வெஸ்ற் றிட்ஜ்வே ஆளுநராயிருந்தபோது 1902இல் காங்கேசன்துறை – சாவகச்சேரித் துண்டு தனியாகத் திறக்கப்பட்டது. தலையும் வாலும் இருக்க நடு உடம்பு இல்லாத றெயில் அது. 1905இல் வன்னிக் காடு ஊடறுக்கப்பட்டு, கொழும்பும் யாழ்ப்பாணமும் ஐந்தடி ஆறங்குல அகலத் தண்டவாளத்தால் இணைந்தன.

வேடிக்கை என்னவென்றால், யாழ்ப்பாணத்தான் றெயிலில் ஏற முன்னரே றெயிலில் உத்தியோகம் பார்க்கத் தொடங்கிவிட்டான். மலாயாவில் 1880களின் நடுப்பகுதியில் தைப்பிங்கிலும் கோலாலம்பூரிலும் பாதைகள் திறக்கப்பட்டதன்பின், மிசன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த எமது இளைஞர்கள் கப்பலேறிப்போய் அங்கே கிளாக்கர்களாகவும் ஸ்ரேசன் மாஸ்ரர்களாகவும் ஆனார்கள். கோலாலம்பூரின் பிறிக்பீல்ட்ஸ் பகுதி அவர்களால் நிறைந்தது. கொக்குவிலிலும் மானிப்பாயிலும் "மலாயன் பென்சன்காரர்" கட்டிய கல்வீடுகள், சொந்த ஊரில் தண்டவாளம் வர முன்பே பிறநாட்டுத் தண்டவாளத்தின் காசில் அத்திவாரம் போட்டவை.

1905க்குப் பின் நடந்ததுதான் எமது விடயத்துக்கு முக்கியம். இரவு மெயில் என்பது வெறும் வாகனமல்ல, அது ஒரு தொழில் ஏற்பாடு. யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவர் இரவு ஏறினால் விடியக் கோட்டையில் இறங்குவார். நிலையத்துக்கு வெளியே வந்து நடந்தால் புறக்கோட்டை. குறுக்குத் தெருக்களில் மொத்த வியாபாரிகளோடு பேசி, பணம் கட்டி, சரக்கை அனுப்ப ஒழுங்குசெய்து, பொழுதுபட மீண்டும் அதே மெயிலில் ஏறலாம். ஒரு முழு வேலைநாள், விடுதிச் செலவில்லை, இரண்டு இரவும் பயணத்தில் கழிந்தன, பகல் ஒன்றும் வீணாகவில்லை. காலியிலும் மாத்தறையிலும் கண்டியிலும் சுருட்டுக்கடை வைத்திருந்த வடபகுதியார் புகையிலைக் கணக்குப் பார்க்க ஊருக்கு வந்துபோனதும் இவ்வாறே. நித்திரையை விற்றுப் பகலை வாங்கினார்கள் என்று சொல்லலாம். நான் விடிய நாலரைக்குக் காரெடுத்தபோது நித்திரையையும் விற்றேன், பகலையும் விற்றேன். ஓட்டிக்கொண்டு கணக்குப் புத்தகம் பார்க்க முடியாது.

உத்தியோகத்தரின் கதை வேறு. கிளறிக்கல் சேவையில் சேர்ந்த இளைஞன் கொழும்பில் 'சமறி'யில் இருந்தான், குடும்பம் ஊரில். அரசாங்கம் கொடுத்த றெயில் வாறண்ட் அவனது ஆண்டின் கால அட்டவணை. தைப்பொங்கலுக்கு ஒன்று, நல்லூர்த் தேருக்கு ஒன்று, நத்தாருக்கு ஒன்று என்று கணக்குப் பண்ணி வைத்திருப்பார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை என்று தமிழர் செறிந்த இடங்களெல்லாம் கடற்கரைப் பாதையின் நிலையங்கள் என்பதும் தற்செயலானதல்ல. கந்தோருக்கும் றெயில், ஊருக்கும் றெயில்.

லூயிஷாமின் கதையும் இதுவே என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. 1849இல் வட கென்ற் பாதை இங்கு வந்தபோது இது நகரத்து வணிகர்களின் தோட்டவீடுகள் இருந்த கிராமம். பாதைகள் கூடின. 1883இல் பாராளுமன்றம் தொழிலாளருக்கு மலிவுக் கட்டண வண்டிகள் ஓடவேண்டுமெனச் சட்டம் செய்தது. லேடிவெல், ஹிதர் கிறீன், கற்வேர்ட் எங்கும் ஒட்டிய வீடுகளாக எழுந்தன. அவற்றில் குடியேறியவர்கள் பெரும்பாலும் நகரத்துக் கிளாக்கர்கள். இன்று நாங்கள் அடமானம் கட்டும் வீடுகள் வெள்ளைக்காரக் 'கிளறிக்கல்'காரனுக்காக றெயில் கட்டுவித்தவை!

இதனால் றெயிலைக் கொண்டாட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. றெயில் யாழ்ப்பாணத்தை வளர்த்தது என்பவர்கள் அது யாழ்ப்பாணத்தைக் கட்டிப்போட்டதையும் பார்க்க வேண்டும். மணியோடர் பொருளாதாரம் என்று எம்மவர் தங்களைத் தாங்களே பரிகாசம் பண்ணியது சும்மாவல்ல. மூளையும் கையெழுத்தும் தெற்கே போயின, காசு வடக்கே வந்தது. ஊரில் தொழிற்சாலைகள் அரிது; காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை போன்ற சில மட்டுமே. ஒற்றைப் பாதையை நம்பிய சமூகத்துக்கு அந்தப் பாதையின் நடுவில் யார் நிற்கிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை. நாங்கள் அதை அறுபது வருடம் யோசிக்கவேயில்லை. மறுபுறம், அந்தப் பெட்டிகளில் சிங்கள பேக்கரிக்காரரும் தமிழ்க் கிளாக்கரும் ஒரே வாங்கில் இருந்து ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி விழுந்தார்கள் என்பதும் உண்மை. ஊரில் சாதி கேட்டவர்களும் அங்கே ரிக்கற்றின் வகுப்புக்குத்தான் அடங்க வேண்டியிருந்தது.

யாழ்தேவி எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டால் எம்மவரில் அநேகர் யோசிப்பார்கள். 1956 ஏப்ரல் 23. பண்டாரநாயக்கா பதவியேற்றுப் பதினொரு நாள். பகலில் ஏறத்தாழ ஏழு மணித்தியாலத்தில் வடக்கைத் தொடும் கடுகதி வண்டி ஓடத் தொடங்கிய அதே பருவத்தில், யூன் 5ஆந் திகதி காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகமிருந்த தமிழ்த் தலைவர்கள் அடிக்கப்பட்டார்கள்; தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. வாறண்டோடு பயணஞ்செய்த அந்தக் கிளாக்கரின் மகனுக்கு அந்த உத்தியோகம் இனி இல்லை என்பதே அச்சட்டத்தின் நடைமுறைப் பொருள். வண்டி வேகமாகியது, அதில் போவதற்கான காரணம் குறையத் தொடங்கியது.

பின்னர் வண்டியே பொறியாகியது. 1958 மே 22 இரவு மட்டக்களப்பிலிருந்து வந்த வண்டி பொலநறுவையில் தாக்கப்பட்டது. வவுனியாவில் நடக்கவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குப் போகிறவர்கள் அதிலிருப்பார்கள் என்பது காரணம். 1977 ஓகஸ்டில் அநுராதபுர நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். றோட்டால் போகிறவன் திரும்பலாம், குறுக்கு வழி எடுக்கலாம், முறிகண்டியானுக்குத் தேங்காய் உடைத்து யோசிக்கலாம். றெயிலில் இருப்பவன் அடுத்த நிலையம் எதுவென்பதை முன்கூட்டியே அறிந்திருக்கிறான், அவனுக்காகக் காத்திருப்பவனும் அதை அறிந்திருக்கிறான். 1983 யூலைக்குப் பின் கொழும்பு அகதி முகாம்களிலிருந்து எங்களை ஊருக்கு அனுப்பியது கப்பலில். நாட்டின் நடுவே தண்டவாளம் கிடக்க, சுற்றிக் கடலால் போய்க் காங்கேசன்துறையில் இறங்கினோம். நானும் அப்படி இறங்கியவன்தான். அந்நாளில் அதை விசித்திரமாக நினைக்கவில்லை.

ஆனால் தண்டவாளத்தை நாங்களும் விட்டுவைக்கவில்லை என்பதை இந்தப் பக்கங்களிலாவது சொல்லியாக வேண்டும். 1985 ஜனவரி 19ஆந் திகதி முறிகண்டிப் பகுதியில் யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அதில் இராணுவத்தினர் இருந்தனர். சாதாரண பயணிகளும் இருந்தனர், இறந்தனர். 1996 யூலை 24 தெகிவளையில் மாலை வண்டியில் வைத்த குண்டுகளுக்கு 64 பேர் பலியானார்கள். கந்தோர் விட்டு வீட்டுக்குப் போனவர்கள். எங்கள் தகப்பன்மார் சீசன் ரிக்கற்றோடு நின்ற அதே கடற்கரைப் பாதை. அப்போது லண்டனில் இருந்த எம்மவரில் சிலர் அதை எப்படிப் பேசினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது, எழுதக் கூசுகிறது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு வடக்குக்கான ஓட்டம் முற்றாக நின்றது. அதன்பின் சிலிப்பர்க் கட்டைகளும் தண்டவாளங்களும் பங்கர்களுக்குக் கூரையாகின. இரு தரப்பும் அள்ளினார்கள். வியாபாரப் பயணம் நிற்கவில்லை, உருமாறியது. கிளாலிக் கடலேரியில் இரவில் வள்ளம், பின்னர் சைக்கிள், பின்னர் பாஸ். மெயிலில் ஒரு நித்திரைக்குள் அடங்கிய தூரத்துக்கு நாட்கள் பிடித்தன. 2002இல் ஏ ஒன்பது திறந்து 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. போர் முடிந்த 2009இல் மறுபடி திறந்தது. பாதை மறுசீரமைப்பை இந்தியக் கடனில் இந்திய அரச நிறுவனமான இர்கொன் செய்தது. 2014 ஒக்டோபர் 13ஆந் திகதி யாழ்தேவி இருபத்துநான்கு வருடத்தின் பின் யாழ்ப்பாண நிலையத்துக்குள் வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு. வந்த வேகத்தில் காவலற்ற கடவைகளில் மனிதரும் மாடுகளும் அடிபட்டார்கள். றெயில் வரும் என்பதையே அறியாமல் ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. வியாபாரிகளில் பலர் இதற்கிடையில் இரவுச் சொகுசு பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். அது வெள்ளவத்தையில் வீட்டு வாசலருகே இறக்கிவிடும்.

அகதியாக வந்த எம்மவர் லண்டனில் முதலில் செய்த வேலைகளில் பெற்றோல் நிலைய இரவு வேலை முக்கியமானது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து இரவிரவாக மற்றவர்களுக்குப் பெற்றோல் விற்றவனுக்கு, சொந்தக் கார் வாங்குவது கண்ணாடிக்கு வெளியே வருவது போன்றது. அதை நான் குறைசொல்லேன். அந்தக் காரில்தான் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் மனிசியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் காரில் போங்கள், ஆட்சேபமில்லை. நான் பேசுவது தனியொருவன் ஒரே நகரத்துக்கு ஒரே வேலைக்கு மாதாமாதம் போவதைப் பற்றி.

இங்கும் றெயில் பயமற்றதல்ல. 1957 டிசம்பர் 4ஆந் திகதி மூடுபனியில், எங்கள் லூயிஷாமுக்கு அருகே சென்ற் ஜோன்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மின்வண்டியில் பின்னால் வந்த நீராவி வண்டி மோதி 90 பேர் இறந்தனர். நான் வாராவாரம் கடக்கும் இடம் அது. ஆயினும் அது சிவப்பு விளக்கைத் தவறவிட்டதால் வந்த விபத்து. விசாரணை நடந்தது, வண்டிச் சாரதியை எச்சரிக்கும் சாதனத்தைப் பொருத்தும் வேலை விரைவுபடுத்தப்பட்டது. பொலநறுவையிலும் அநுராதபுரத்திலும் நடந்தவற்றுக்குப் பொருத்துவதற்கு அப்படியொரு சாதனம் இல்லை. என் மூத்த நண்பரின் பயத்தை நான் கேலிசெய்யாமல் விட்டது இதனால்தான்.

பாரிஸில் லாச்சப்பலைப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கும். எம்மவரின் கடைத்தெரு கார் டு நோர்ட் நிலையத்துக்கு அண்டையில்தான் முளைத்தது, புறக்கோட்டை கோட்டை நிலையத்துக்கு அண்டையில் இருப்பது போல. 1994இல் யூறோஸ்ரார் ஓடத் தொடங்கியதிலிருந்து விடியப் போய்ச் சரக்குப் பார்த்துப் பொழுதுபட லண்டன் திரும்பும் கடைக்காரர் இருக்கிறார்கள். பழைய மெயில் பயணத்தின் கணக்கை அவர்கள் தெரிந்து செய்கிறார்களோ தெரியாமல் செய்கிறார்களோ, கணக்கு அதேதான்.

மூத்த நண்பருக்கும் அங்கே அலுவல் உண்டு. இதுவரை வானில், கப்பலேறிப் போய் வந்தவர். போன மாதம் கேட்டார், என்னோடு ஒரு தடவை றெயிலில் வந்து பார்க்கலாமோ என்று. சம்மதித்தபின் இன்னொரு கேள்வியும் கேட்டார்: கதவுக்குக் கிட்டவாக இருக்கை எடுக்கலாமா? எடுத்திருக்கிறேன். கதவிலிருந்து முதல் வரிசை, அவருக்கு நடைபாதைப் பக்கம்.