ஓட்டின் அடியில் இருந்த வருஷம்

பொள்ளாச்சிப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் ஆசாரத்தில் பாய் விரித்துப் படுத்தால், ஓடுகளின் அடிப்புறத்தில் ஆங்கில எழுத்துகள் தெரியும். 'பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை, 1865'. நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டப் பழகியதே அங்கேதான். "நம்ம ஊடு கட்டுன வருசம் கண்ணு அது" என்பார் அப்பாரு. பிற்காலத்தில் வரலாற்று ஆசிரியராகி, எங்கள் வீடு 1865-இல் கட்டியது என்று வகுப்பிலும் பெருமையாகச் சொல்லி வந்தேன்.

சென்ற பங்குனியில் கைமரங்கள் இரண்டில் கரையான் ஏறிவிட்டது. மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து, மரம் மாற்றி, மறுபடி வேய வேண்டும். ஆசாரி முகட்டு ஓட்டின் காரையைத் தட்டி எடுத்து, மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே வந்தார். அடுக்கிய ஓடுகளில் ஒன்றைக் காட்டி, வீட்டின் வயதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, போன மாசம் நான் பிரிச்ச ஊட்லயும் இதே வருசந்தானுங்க. அத்தன ஊட்டையும் ஒரே வருசத்துலயா கட்டியிருப்பாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவே பழைய புத்தகங்களைப் புரட்டினேன்.

அதற்கு முன் நம்மிடம் இருந்தது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாய்போல் வனைந்து, நெடுக்காக இரண்டாகப் பிளந்து சுட்டது. பூனை ஓடினாலும் நகரும். அடிக்கடி பிரித்து அடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட், மங்களூரின் ஜெப்புவில் நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணைக் கொண்டு, அச்சில் அழுத்திய தட்டை ஓட்டைத் தயாரித்தார். பின்புறக் கொக்கி ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். ஓர வரிப்பள்ளம் பக்கத்து ஓட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டுதான் 1865. எந்த வருஷம் சுட்டாலும் ஓட்டில் அதே முத்திரைதான்!

முதல் உலகப்போரில் ஜெர்மானியர் பலர் இருந்த அந்த மிஷனின் தொழில்களை ஆங்கில அரசு கைப்பற்றியது. பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் வசம் போயின. மறுநாள் ஓடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆசாரத்து ஓடுகளில் பாசல் மிஷன்; அடுக்களை ஓடுகளில் காமன்வெல்த். அப்படியானால் முன்கட்டுக்கு ஓடு வந்தது போருக்கு முன், அடுக்களைக்குப் போருக்குப் பின். பெட்டியில் கிடந்த பத்திரத்தை எடுத்தேன். வீட்டடி மனை வாங்கியதே 1909-இல்.

உடைந்த ஓடுகளுக்குப் புது ஓடு பொருந்தவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வரிப்பள்ளம் கொஞ்சம் மாறும். இடைவெளியில் தண்ணீர் இறங்கும். இடித்த வீடொன்றிலிருந்து அதே முத்திரை ஓடுகள் நாற்பது வாங்கி வந்து, இறவாரத்திலிருந்து மேல்நோக்கி வேய்ந்து முடித்தோம்.

வீட்டுக்கு நாற்பத்து நான்கு வயது குறைந்துவிட்டது. அப்பாரு பொய் சொல்லவில்லை. கண்ணில் பட்டதை நம்பினார். ஆனால் ஆதாரத்தைக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த நான், தலைக்கு மேலிருந்ததை ஒருநாளும் கேட்கவில்லை. என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த 1865-ஐ அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.