பரோத் தீவினரும் பழங்கலங்களும்

புதுக்கலம் கட்டப் பொருளில்லாதவன் பழங்கலம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தொழில் தொடங்குவது எல்லாக் கடற்கரைகளிலும் உள்ள வழக்கம். அதனை அறிவுடைமை என்று புகழ்வாரும் உளர். முதற்கலத்தைப் பழங்கலமாக வாங்குபவன் பிறனொருவனுடைய தொல்லையைத் தன் பணம் கொடுத்து வீட்டிற்கு அழைத்து வருகின்றான் என்று இகழ்வாரும் உளர். இவ்விரு கூற்றும் ஒரே மக்களின் சரித்திரத்தில், எண்பது ஆண்டுகளுக்குள், தனித்தனியே மெய்யாயின. பரோத் தீவினரின் அச்சரித்திரத்தையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஸ்காத்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து என்னும் மூன்று நாடுகளுக்கும் நடுவே, வட அத்லாந்திக்கு மாகடலில், 18 தீவுகள் ஒரு கூட்டமாக நிற்கின்றன. அவை டென்மார்க்கு அரசுக்கு உட்பட்டவை. எங்கு நோக்கினும் கடலில் செங்குத்தாக இறங்கும் கரும்பாறை. பாறையின் மேல் புல். புல்லின் மேல் ஆடு. அத்தீவுகளின் பெயருக்கே ஆட்டுத் தீவுகள் என்பது பொருள் என்று கூறுவர். காற்றும் உப்பும் ஆட்டின் பல்லும் மரத்தை ஓங்க விடுவதில்லை. ஆதலின் வங்கும் பலகையும் வேண்டுமாயின் நார்வேயிலிருந்து விலைக்கு வரவேண்டும். இன்றேல் கடல் கொணர்ந்து ஒதுக்கும் மரத்தைப் பொறுக்கவேண்டும். இந்நிலையில் அம்மக்கள் பெருங்கலம் கட்டுவது எங்ஙனம்? இரு முனையும் ஒடுங்கிய மெல்லிய திறந்த படகுகளையே கட்டினர். ஆறு பேரோ எட்டுப் பேரோ துடுப்பு வலிக்கும் அப்படகுகள், பழைய நார்வீஜியக் கடலோடிகளின் கலத்திற்கு நேர் வாரிசு என்னத்தக்க அழகுடையன. ஆனால் மேல்தட்டு இல்லாத கலத்தில் இரவு தங்குதல் இயலாது; நெடுந்தூரம் சென்று மீன் பிடித்தலும் இயலாது.

அப்படகுத் தொழிலின் கொடுமைக்கு ஒரு சான்று கூறுவோம். குனோய் என்னும் தீவில் ஸ்கார் என்று ஒரு சிற்றூர் இருந்தது. 1913-ம் ஆண்டு டிசம்பர் 23-ம் நாள், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவ்வூரின் உழைக்கும் ஆடவர் எழுவரும் மீன் பிடிக்கச் சென்று ஒருவரும் திரும்பவில்லை. கிழவர் ஒருவரும் சிறுவரும் பெண்டிருமே எஞ்சினர். சில ஆண்டுகளில் அவர்களும் ஊரை விட்டு அகன்றனர். இன்று அங்கே காணப்படுவன இடிந்த சுவர்களே.

நிற்க. வாணிகத்திலும் அத்தீவினர் கட்டுண்டிருந்தனர். ஏற்றுமதி இறக்குமதி யாவும் அரசரின் தனியுரிமை. ஆட்டு மயிரால் பின்னிய காலுறைகளைக் கொடுத்துத் தானியம் பெறுவதே பெரிய வாணிகமாயிருந்தது. இக்கட்டை எதிர்த்து முதன்முதல் எழுந்தவர் நோல்சோய் பால் என்னும் கடலோடி. அவர் 1804-ம் ஆண்டில் தம் கூட்டாளிகளுடன் செய்த செயல் நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது. வால்பா என்னும் ஊரருகே கரைதட்டிச் சிதைந்த கப்பலொன்று ஏலத்திற்கு வந்தது. அதனை வாங்கி, அம்மரத்தைக் கொண்டே வாகுர் என்னும் ஊரில் ஒரு கப்பலைக் கட்டி, ராய்ண்டின் பிரீயா என்று பெயரிட்டனர். அழகிய முயற்சி என்பது அதன் பொருள். மத்திய காலத்திற்குப் பின் அத்தீவினர் தம் கையால் கட்டிய முதற் கடற்கப்பல் அதுவே. அதிலும் முதல் மரம் பிறர் கப்பலின் மிச்சமாகவே வாய்த்ததைக் கவனிக்க. பால் வாணிகத் தடையை நீக்கப் பாடுபட்டார். 1808-09 குளிர்காலத்தில் இலண்டனிலிருந்து தானியம் ஏற்றி வந்த வேறொரு கப்பலோடு கடலில் மறைந்தார். தனியுரிமை நீங்கியதோ 1856-ம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான்.

வாணிகம் திறந்தது, கலம் இல்லை. அக்கலம் வந்த வழியை அறிய நாம் சற்றே இங்கிலாந்தின் கீழ்க்கரைக்குச் செல்லவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருப்புப்பாதை வந்து மீனை உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டுசென்றது. ஹல், கிரிம்ஸ்பி முதலிய துறைகளில் இழுவைமடி கட்டி இழுக்கும் பாய்க்கலங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஸ்மாக்கு என்பது அவற்றின் பெயர். வடகடலின் டாகர் மேட்டில் குளிர்காலம் முழுதும் வாரக்கணக்காகத் தங்கி நிற்பதற்கென்று கட்டப்பட்டமையின் அவை மிக உறுதியுடையன. நீண்ட ஏராவும் கனத்த வங்குகளும் ஆழ்ந்த வயிறும் கொண்டவை. பின்னர் நீராவி வந்தது. இழுவைக்கென்றே கட்டப்பட்ட நீராவிக் கலம் 1881-ம் ஆண்டிலிருந்து அத்துறைகளில் தோன்றியது. காற்றில்லாத நாளிலும் மடியிழுக்கும் கலத்தோடு பாய்க்கலம் போட்டியிடுவது எவ்வாறு? இருபது ஆண்டுகளுக்குள் ஹல் துறையில் ஸ்மாக்கு ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. பத்துப் பதினைந்து வயதே ஆன கலங்கள், கட்டிய விலையில் சிறு பகுதிக்கும் கொள்வாரின்றிக் கரையில் நின்றன.

பழங்கலம் ஏன் மலிவாக விற்கப்படுகிறது என்னும் வினாவே வாங்குவோன் முதலிற் கேட்கவேண்டுவது என்பது எம் கருத்து. மரம் உளுத்தமையால் மலிவு என்றால் அது ஒரு மலிவு. மரம் நன்றாயிருக்க, விற்பவனுடைய தொழில் மாறிவிட்டமையால் மலிவு என்றால் அது வேறொரு மலிவு. பரோத் தீவினருக்கு வாய்த்தது பின்னது.

அத்தீவுகளில் பழங்கலக் காலத்தின் தொடக்கமாக எண்ணப்படுவது 1872-ம் ஆண்டு. அவ்வாண்டில் பாக்ஸ் என்னும் கலம் ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து வாங்கப்பட்டது. ஷெட்லாந்தார் நெடுங்காலமாகவே பரோத் தீவுகளை அடுத்த கடலில் தட்டுடைய கலங்களில் வந்து கைத்தூண்டிலால் காட் என்னும் மீனைப் பிடித்துச் சென்றனர். பரோத் தீவினர் சிலரும் அக்கலங்களில் வேலைக்கமர்ந்து தொழில் பழகினர். தம் வாயிலில் உள்ள மீனைப் பிறர் கொண்டுபோவதைக் கண்டிருந்தவர், அவர்கள் கலத்தையே விலைக்கு வாங்கினர். அதன் பின் ஆங்கிலத் துறைகளிலிருந்து ஸ்மாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சசெக்ஸ் நாட்டு ரை என்னும் ஊரில் 1884-ல் கட்டப்பட்ட ஆக்ஸ்போர்டுஷயர் என்னும் கலம் 1894-ல் பரோவிற்கு விற்கப்பட்டு ஜோஹன்னா எனப் பெயர் பெற்றது. அதே 1884-ல் கிரிம்ஸ்பியில் கட்டப்பட்ட வெஸ்ட்வர்டு ஹோ 1895-ல் வந்து தன் பழம்பெயரையே வைத்துக்கொண்டது. முதல் உலகப்போர் தொடங்குமுன் அத்தகைய கலங்கள் நூற்றுக்கு மேற்பட்டுவிட்டன. அப்போது அந்நாட்டு மக்கள்தொகை இருபதினாயிரத்தை எட்டவில்லை என்பதை நினைத்தால் இவ்வெண்ணின் பெருமை விளங்கும்.

ஆங்கிலேயனுக்கு உதவாத கலம் இவர்களுக்கு உதவியதற்குக் காரணம், இவர்கள் அதனை ஆங்கிலேயன் பயன்படுத்திய வழியில் பயன்படுத்தாமையே. இவர்கள் மடி இழுக்கவில்லை. பாயைச் சுருக்கிக் கலத்தைக் காற்றோடு மிதக்கவிட்டு, விளிம்போரம் வரிசையாக நின்று கைத்தூண்டில் போட்டனர். தூண்டிலுக்குக் கலத்தின் வேகம் வேண்டாம். நிலைப்பும் அகலமுமே வேண்டும். கயிறும் ஈயக்குண்டும் முள்ளும் உப்புமே முதல். காற்றுக்கு விலையில்லை. மலிந்த கலம், மலிந்த கருவி, மலிந்த ஓட்டம் ஆகிய மூன்றும் ஒன்றுபட்டமையால், மீன் குறைந்த ஆண்டிலும் கடன் மலைபோல் ஏறவில்லை. மலிவு எனப்படுவது கரையில் எண்ணிக்கொடுத்த பணத்தில் மட்டும் அடங்குவதன்று.

ஆயினும் அம்மலிவின் சுமையை யார் தாங்கினர் என்பதையும் கூறாவிடில் சரித்திரம் குறையுடையதாகும். வடகடலில் மடியிழுத்தபோது ஐவர் இருந்த கலத்தில் தூண்டில்காரர் இருபது பேர் வரை ஏறினர். ஒரு படுக்கையில் இருவர் கிடந்தனர். நனைந்த கம்பளி உலர வழியின்றி மாதக்கணக்கில் உடலோடு ஒட்டிக் கிடந்தது. மார்ச்சு மாதத்தில் ஐஸ்லாந்தின் தென்கரைக்குச் சென்றனர். கோடையில் அதன் கீழ்க்கரைக்குச் சென்றனர். 1920-களில் கிரீன்லாந்துக் கடல் வரையும் அக்கிழக்கலங்களிலேயே போயினர். அவனவன் தூண்டிலில் விழுந்த மீனை அவனவன் கணக்கில் எண்ணி, பாதி கலமுடைய வணிகருக்கு, பாதி பிடித்தவனுக்கு என்பது பங்கு முறை. நம் கடற்கரையில் சம்மாட்டி என்று வழங்குவோமே, அத்தகையவரே அவ்வணிகர். ஆனால் கலமும் அவருடையது, உப்பும் அவருடையது, வீட்டுக்கு மாவும் காப்பியும் கடனாகக் கொடுக்கும் கடையும் அவருடையது. உப்பிட்ட மீன் கரைக்கு வந்ததும் பெண்டிர் அதனைக் கழுவிப் பாறைகளின்மேல் பரப்பி உலர்த்தினர். அது ஸ்பெயின் முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. தூண்டில்காரர் 1911-ம் ஆண்டில் தமக்கென்று ஒரு சங்கம் கண்டது இந்நிலைமைகளின் விளைவேயாம்.

உயிர்ச்சேதமும் பெரிது. ஒரு கலம் மூழ்கினால் ஓரூரின் இளைஞரில் பாதிப்பேர் மூழ்கினர் எனலாம்; ஏனெனில் தந்தையும் மக்களும் உடன்பிறந்தாரும் ஒரே கலத்தில் ஏறுவது வழக்கம். அத்தீவுகளில் ஊர்தோறும் கடலில் மாண்டோர் பெயர் பொறித்த நினைவுக்கல் நிற்கின்றது. ஜெகுவ் என்னும் ஊரில், தாயொருத்தி தன் குழந்தைகளோடு கடலை நோக்கி நிற்பதாக ஒரு சிலை வைத்துள்ளனர். அக்கல்லிலே பெயர் உள்ளோரை நினைத்து, அவர்கள் கலத்தை வாங்கியதே பிழை என்று கூறுவாரும் இருக்கலாம். நாம் அங்ஙனம் கூறோம். திறந்த படகும் ஆளைக் கொன்றது. ஸ்கார் ஊரின் கதையை மேலே கூறினோம். 1801-ல் ஏறத்தாழ 5,000 பேரை வறுமையோடு வைத்திருந்த அத்தீவுகள், 1901-ல் ஏறத்தாழ 15,000 பேரைத் தாங்கின. 1950-ல் 30,000 பேருக்கு மேல் தாங்கின. ஆட்டையும் பார்லியையும் கொண்டு அது நடந்திராது.

இரண்டாம் உலகப்போரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஜெர்மானியர் டென்மார்க்கைக் கைப்பற்றியதும், 1940 ஏப்ரலில் ஆங்கிலப் படை பரோவில் இறங்கியது. இங்கிலாந்தின் இழுவைக் கலங்கள் பல போர்ப்பணிக்கு எடுக்கப்பட்டமையால் அங்கே மீன் அருகியது. அப்போது ஐஸ்லாந்து மீனை ஏற்றி ஸ்காத்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் கொண்டுசேர்த்தவருள் பரோத் தீவினர் முன்னின்றனர். அரைநூற்றாண்டுக்கு முன் வேண்டாமென்று விற்ற ஸ்மாக்குகள், இயந்திரம் பொருத்தப்பெற்று, விற்றவருக்கே உணவு சுமந்து சென்றன. ஏப்ரல் 25-ம் நாள் அக்கலங்கள் தம் சொந்தக் கொடியைப் பறக்கவிட ஆங்கில அரசு இசைந்தது. அந்நாளை அவர்கள் கொடிநாளாக இன்றும் கொண்டாடுகின்றனர். கண்ணிவெடிக்கும் விமானத்திற்கும் நீர்மூழ்கிக்கும் இரையாகி இருநூற்றுவருக்கு மேற்பட்ட கடலோடிகள் மாண்டனர்.

மீன் நல்ல விலைக்குப் போயிற்று. கையில் பணம் சேர்ந்தது. 1945-க்குப் பின் அப்பணத்தைக் கொண்டு அவர்கள் மீண்டும் இங்கிலாந்திலிருந்து பழங்கலங்களையே வாங்கினர். முன்னோர் வழி நடந்தோம் என்று எண்ணினர் போலும். ஆனால் இப்போது வாங்கியவை பழைய நீராவி இழுவைக் கலங்கள். ஐரோப்பா முழுவதும் மீனுக்கு ஏங்கியிருந்த காலமாதலின் விலை மலிவாயில்லை. கலங்களோ உண்மையிலேயே மூப்படைந்தவை. அவை காற்றை உண்ணவில்லை, நிலக்கரியை உண்டன. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கொதிகலனுக்கு இரை போட்டாகவேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாக ஓடின. பிற நாட்டார் தம் புதுக்கலங்களோடு கடலுக்குத் திரும்பியதும் மீன்விலை இறங்கியது. பழுது பார்க்கும் செலவு ஏறியது. கலங்கள் துறையில் கட்டுண்டு கிடந்தன. கடன் கொடுத்திருந்த சியோவின்னு வங்கி 1951-ல் முறிந்தது. 1948-ல் தன்னாட்சி பெற்ற அச்சிறு நாடு, தன் முதற் சில ஆண்டுகளையே வேலையின்மையிலும் வழக்கிலும் கழிக்க நேர்ந்தது. இளைஞர் பலர் பிழைப்புத் தேடி வெளியேறினர்.

இரண்டு முறையும் விற்ற நாடு ஒன்றே. வாங்கிய மக்களும் ஒருவரே. முதல்முறை வாங்கியோர் கையில் பணமில்லை. ஆதலின் ஒவ்வொரு கலத்தையும் தம் தூண்டிலோடு பொருத்திப் பார்த்து வாங்கினர். இரண்டாம்முறை பணம் இருந்தது. பொருத்திப் பார்க்க நேரமில்லை. அதன் பின் 1950-களில் அவர்கள் கடன்பட்டேனும் தமக்கென்று புதிய எஃகுக் கலங்களைக் கட்டுவிக்கத் தொடங்கினர்.

நீராவிக் கலங்கள் பழைய இரும்பாக விலைபோயின. மரக்கலங்களில் சில நின்றன. வாகுர் ஊரார் ஜோஹன்னாவை அழியவிடாது சீர்படுத்தி வைத்துள்ளனர். வெஸ்ட்வர்டு ஹோ தலைநகரான டோர்ஷவ்ன் துறையில் கிடக்கின்றது. கோடை வந்ததும் பாய் விரித்து, தான் கட்டப்பட்ட இங்கிலாந்துக் கரை வரையும் போய் வந்ததுண்டு.