முகாம் வாசலில் நின்றுவிடும் கேமரா: ஈழ அகதியும் தமிழ்த் திரையும்

1. எல்லை

இலங்கைப் போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் 1983 கலவரத்திலிருந்தே படகுகள் இராமேசுவரம் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வளவனூரில் பேருந்து ஏறிப் புதுச்சேரி போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் திரும்பினால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அங்குள்ள மஞ்சனீசுவரர் அய்யனாரைக் கும்பிடப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு அருகிலுள்ள ஈழத்தமிழர் முகாமும் தெரியும். தமிழ்த் திரைக்கு அது எவ்வளவு தெரியும் என்பதே இங்கே கேள்வி.

2. இத்தாலியின் முன்மாதிரி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் பிழைப்புத் தேடி வெளிநாடு போனார்கள். பியெத்ரோ ஜெர்மி 1950-லேயே சிசிலியின் கந்தகச் சுரங்கத் தொழிலாளர்கள் பிரான்சுக்குத் திருட்டுத்தனமாக எல்லை கடப்பதைப் படமாக்கினார். பிராங்கோ புருசாத்தியின் 'ரொட்டியும் சாக்லேட்டும்' (1974) இன்னும் கூர்மையானது. சுவிட்சர்லாந்தில் வேலை தேடும் நீனோ, உள்ளூர்க்காரனாகத் தெரிய முடிக்குப் பொன்னிறச் சாயம் அடித்துக்கொள்கிறான். தொலைக்காட்சியில் இத்தாலி கோல் போட்டதும் தன்னை மறந்து கத்திவிடுகிறான். வேஷம் அங்கேயே கலைகிறது. தன் நாட்டுக்காரனின் வெட்கத்தை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்க இத்தாலிய சினிமா தயங்கவில்லை.

3. 'தீபன்'

நமக்கு அந்த வேலையை ஒரு பிரெஞ்சுக்காரர் செய்தார். ஜாக் ஓதியாரின் 'தீபன்' 2015-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. நாயகனாக நடித்த ஷோபாசக்தி பதின்வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். பின்னர் பிரான்சில் தஞ்சம் புகுந்த எழுத்தாளர். ஒருவரையொருவர் அறியாத ஒரு முன்னாள் போராளி, ஒரு பெண், ஒரு சிறுமி, இறந்துபோன குடும்பத்தின் கடவுச்சீட்டுகளோடு குடும்பமாக நடித்து பிரான்ஸ் போகிறார்கள். பாரிஸ் இரவில் இருட்டுக்குள்ளிருந்து சின்ன விளக்குகள் மினுங்கிக்கொண்டே வருகின்றன. நெருங்கும்போதுதான் தலையில் பொம்மைக் காது மாட்டி விளையாட்டுச் சாமான் விற்கும் அந்த முன்னாள் போராளி என்று தெரிகிறது. வசனமே தேவைப்படவில்லை. கடைசியில் வரும் துப்பாக்கிச் சண்டை எனக்கு ஒப்பவில்லை. அகதியை மறுபடியும் போராளியாக்கினால்தான் கதை முடியும் என்பது சோம்பல்.

4. தமிழ்நாட்டுத் திரை

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் முகாம் என்பது குழந்தை பிறக்கும் இடம், அவ்வளவே. அங்கே பிறந்த அமுதாவுக்கு வயது ஒன்பது. 1987 ஜூலை 1-க்குப் பின் இந்திய மண்ணில் பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்புக் குடியுரிமை. அப்படியானால் இலங்கைக்குப் போக அவளுக்குப் பாஸ்போர்ட் எப்படிக் கிடைத்தது? படம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதுவே இன்னொரு படம்.

லீனா மணிமேகலையின் 'செங்கடல்' தனுஷ்கோடி அகதிகளையும் மீனவர்களையும் நேராகப் பார்த்தது. தணிக்கை வாரியம் மறுத்து, 2011-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அனுமதித்த பிறகும் அது பரவலாகத் திரையரங்குக்கு வரவில்லை. 2025-இல் வந்து நன்றாக ஓடிய 'டூரிஸ்ட் ஃபேமிலி', பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிவந்த குடும்பத்தைச் சென்னைக் குடியிருப்பில் சேர்த்து, அக்கம்பக்கத்தாரின் அன்பால் கரைசேர்க்கிறது. இனிமையான படம்தான். ஆனால் முகாம் வாழ்க்கை அதன் கதையில்லை.

5. விடுபட்டவர்கள்

முகாமிலேயே பிறந்து, இங்கேயே பள்ளி, கல்லூரி முடித்து, இன்றும் அகதி என்ற அடையாளத்தோடு வேலைக்கு அலையும் தலைமுறை ஒன்று இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2021-இல் தமிழக அரசு முகாம்களுக்கு 7,469 வீடுகளை அறிவித்தது. ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. கதை தேடும் இளம் இயக்குநர்கள் இராமேசுவரத்தோடு நின்றுவிடாமல் கீழ்ப்புத்துப்பட்டுக்கும் வரட்டும்.